பார்வையில் தோன்றி மறையும் வெளிச்சப் புள்ளிகள்: எப்போது விரைய வேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 44. பள்ளி நாட்களிலிருந்தே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறேன். சில மாதங்களாக என் பார்வையில் வெளிச்சப் புள்ளிகள் தோன்றி மறைகின்றன. இருட்டில் திரும்பும்போது ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல் இருக்கிறது. பகலில் வானத்தைப் பார்த்தால் சிறு புள்ளிகள் நெளிந்து ஓடுகின்றன. கண் மருத்துவர் பார்த்துவிட்டுக் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் அவை நிற்கவில்லை. நாள் முழுவதும் அவற்றையே தேடிக்கொண்டிருக்கிறேன். இவை ஏன் வருகின்றன? இவற்றை எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்த வெளிச்சங்களால் பார்வைக்கு ஆபத்து உண்டா என்பது ஒன்று. ஆபத்து இல்லையென்றால் அவற்றுக்கிடையே எப்படி நிம்மதியாக இருப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காதவரை இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. உள்ளூர ஐயம் இருக்கும் மனம் எந்த ஆறுதலையும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

ஆகவே, "கோளாறு ஒன்றும் இல்லை" என்ற முடிவு எப்படிப்பட்ட பரிசோதனைக்குப் பிறகு சொல்லப்பட்டது என்பதை முதலில் நினைவுகூருங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை நன்கு விரித்து, விழித்திரையின் ஓரங்கள் வரை பார்த்தார்களா? அப்படிச் செய்திருந்தால் அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கியும் வெளிச்சத்தில் கண் கூசியும் இருந்திருக்கும் என்பதால் உங்களுக்கு மறந்திருக்காது. எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துக் கண்ணாடியின் பவரைச் சரிபார்ப்பதும், கண்ணின் அழுத்தத்தை அளப்பதும், விழித்திரையின் நடுப்பகுதியை ஓ.சி.டி. (OCT) என்னும் ஒளிக்கதிர்க் கருவியில் படமெடுப்பதும் தேவையானவைதான். ஆனால் விழித்திரையின் வெளி ஓரத்தில் இருக்கக்கூடிய சிறு கிழிசல் இவற்றில் தப்பிவிடும். கிட்டப்பார்வை மிகுந்த கண் முன்பின்னாக நீண்டிருப்பதால், அதன் விழித்திரை ஓரங்களில் மெலிந்து, கிழிவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. பாவையை விரித்துப் பார்க்கவில்லையென்றால் உங்கள் பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

வெளியில் ஒளியே இல்லாதபோது ஒளி எப்படித் தெரிகிறது என்பதைச் சற்று விளக்கிவிட்டால் மற்றவை எளிதாகும். விழித்திரையின் நரம்பணுக்கள் எந்த வகையில் தூண்டப்பட்டாலும் மூளை அதை ஒளி என்றே உணர்கிறது. மூடிய கண்ணைக் கசக்கும்போது வண்ணப் பொறிகள் தெரிவது இதனால்தான். அங்கே தூண்டியது விரலின் அழுத்தம், வெளிச்சம் அன்று. தூண்டுதல் விழித்திரையில்தான் நிகழ வேண்டும் என்பதும் இல்லை. பார்வை நரம்பிலோ, பின்மண்டையில் பார்வைக்கென அமைந்த மூளைப் புறணியிலோ நிகழ்ந்தாலும் நாம் காண்பது ஒளியையே. கண்ணில் கோளாறு இல்லை என்று ஒரு மருத்துவர் சொல்வதைக் காரணமே இல்லை என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வெவ்வேறு காட்சிகளைப் பற்றியது. அவற்றை ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதுதான் உங்கள் குழப்பத்தில் பாதி. ஓரத்து மின்னலை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணின் உட்குழியை விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழ் நிரப்பியிருக்கிறது. பெரும்பகுதி நீராலான அந்தக் கூழ் வயது ஏற ஏற இளகிச் சுருங்கி, ஒரு கட்டத்தில் விழித்திரையின் பின்பகுதியிலிருந்து பிரிந்து வருகிறது. பெரும்பாலோர்க்கு இது 50 வயதுக்கு மேல் நிகழும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் அதற்கு முன்பே நிகழலாம். கூழ் பிரியும்போது அது இன்னும் ஒட்டியிருக்கும் இடங்களில் விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்புதான் மின்னலாகத் தெரிகிறது. கண்ணை அசைக்கும்போது கூழும் ஆடுவதால், திரும்பும் கணத்தில் அது வெட்டுகிறது. பகலிலும் அது நிகழக்கூடும் என்றாலும் சுற்றுவெளிச்சத்தில் கண்ணுக்குப் படுவதில்லை. இங்கிலாந்தின் கண் மருத்துவர் ஃபாஸ்டர் மூர் 1935இல் விவரித்த இந்த மின்னல் கீற்று, பெரும்பாலும் வெளிப்பக்க ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு நொடிக்கும் குறைவாகத் தோன்றி மறையும்.

இந்தப் பிரிவு தன்னளவில் நோயன்று. முதுமையின் இயல்பான மாற்றங்களில் ஒன்று. மின்னல்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேய்ந்து நின்றுவிடும். ஆயினும் மின்னலும் பூச்சி பறப்பது போன்ற கரும்புள்ளிகளும் புதிதாகத் தொடங்கி மருத்துவரிடம் வருபவர்களில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேற்பட்டோருக்கோ, கூழ் இழுத்த இடத்தில் விழித்திரை கிழிந்திருப்பது தெரியவருகிறது. கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் லேசர் கதிராலோ உறைகுளிர் முறையாலோ அதன் சுற்றோரத்தை ஒட்டவைத்துவிடலாம். புறநோயாளியாகவே வந்து போகக்கூடிய சிகிச்சை அது. கவனிக்காமல் விட்டால் கிழிசலின் வழியாக நீர் புகுந்து விழித்திரை கழன்றுவிடும்; அப்போது பெரிய அறுவை தேவைப்படும், இழந்த பார்வை முழுவதும் மீளும் என்ற உறுதியும் இல்லை. விழித்திரைக்கு வலி உணரும் திறன் கிடையாது என்பதை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வலிக்கவில்லையே என்று காத்திருந்து காலம் கடந்து வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு செய்தி அவர்களை முன்பே எட்டியிருக்கக் கூடாதா என்று மனம் வருந்துகிறது.

எனவே, மின்னல்கள் திடீரெனப் பெருகினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகவோ புகை படர்ந்தாற்போலவோ தோன்றினாலோ, பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரையைப் போல நிழல் ஏறினாலோ, அன்றே பாவையை விரித்துப் பரிசோதிக்கச் செய்யுங்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண் சிவந்து கடுமையாக வலித்து, குமட்டலும் சேர்ந்தால் அது கண்ணின் அழுத்தம் திடீரென ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். பேச்சுக் குழறலோ ஒரு பக்கக் கைகால் தளர்ச்சியோ உடன் வந்தால் அது மூளைக்குரிய அவசரம். கருவுற்று 20 வாரங்களைக் கடந்த பெண்ணுக்குத் தலைவலியோடு வெளிச்சப் பொறிகள் தெரிந்தால் ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும். இவை மூன்றிலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வானத்தில் ஓடும் புள்ளிகளைப் பற்றி நான் மகிழ்ச்சியோடு எழுதலாம், ஏனெனில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் சொந்த வெள்ளையணுக்களின் பயணத்தை. விழித்திரையின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒளியுணர் அணுக்களுக்கு முன்னால் ஓடுகின்றன. அவற்றிலுள்ள சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளையணுக்கள் அதைக் கடந்துபோக விடும். அதனால் நீல வானத்தைப் பார்க்கும்போது ஒவ்வொரு வெள்ளையணுவும் ஒரு சிறு ஒளித்துளியாகத் தெரிகிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் ரிச்சர்டு ஷீரர் 1924இல் இதன்மீது மருத்துவ உலகின் கவனத்தைத் திருப்பினார். இது அதுதானா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். சூரியனை விட்டு விலகிய வானப்பகுதியைப் பாருங்கள். புள்ளிகள் வளைந்த தடங்களில் சட்டென்று ஓடி ஒரு நொடிக்குள் மறைகின்றனவா, நாடித் துடிப்போடு அவற்றின் வேகம் கூடிக் குறைகிறதா, நீங்கள் உற்றுநோக்கும் நடுப்புள்ளியில் மட்டும் அவை இல்லாதிருக்கின்றனவா என்று கவனியுங்கள். விழித்திரையின் நட்டநடுவில் ரத்தக் குழாய்கள் இல்லாததால் அங்கே எதுவும் ஓடாது. இம்மூன்றும் பொருந்தினால் அதற்காக எந்த மருத்துவமும் வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும், காரணம் தெரியாத வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. பார்வையின் நடுவருகே மினுக்கும் ஒரு புள்ளி தோன்றி, கோட்டைச் சுவரைப் போன்ற கோணல்மாணலான விளிம்போடு பிறைவடிவில் மெல்ல விரிந்து, 20 அல்லது 30 நிமிடங்களில் ஓரத்துக்குச் சென்று மறைந்துவிடும். இது ஒற்றைத் தலைவலிக்கு முன்னறிகுறியாக மூளையில் எழுவது. தலைவலி வராமலே இது மட்டும் வருவதும் உண்டு என்பதால் பலர் கண்நோய் என்று அஞ்சுகிறார்கள். உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த இந்தக் காட்சி விரிந்த வேகத்தை வைத்து, மூளைப் புறணியில் ஏதோ ஒரு மாற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வீதம் பரவுகிறது என்று 1941இல் கணக்கிட்டார்; 1944இல் பிரேசில் நாட்டவரான அரிஸ்டீடிஸ் லியாவ், அதே போன்று மெல்லப் பரவும் அலையை முயலின் மூளையில் கண்டறிந்து வெளியிட்டார். இக்காட்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாக வந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது வழக்கமாக வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; சேர்ந்தால் பக்கவாத அபாயம் கூடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சட்டென்று எழும்போது பொறிபறந்து கண் இருட்டிக்கொண்டு வருவது ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்குவதால். இதயத் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் இவாப்ரடின் என்ற மருந்து, வெளிச்சம் திடீரென மாறும்போது ஒளிப்பொறிகளைக் காட்டும். இதய நோய்க்குத் தரப்படும் டைகாக்சின் என்ற மருந்தின் அளவு மிஞ்சினால் மஞ்சள் நிறமும் ஒளிவளையமும் தெரியும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடிக்கும் வண்ண உருண்டைகள் ஒவ்வொரு முறையும் அச்சடித்தாற்போல் ஒரே இடத்தில் வந்தால், பின்மண்டையில் எழும் வலிப்பாக இருக்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை அதற்குத் தேவைப்படும்.

இவற்றைப் பிரித்தறிய எந்தக் கருவியையும்விட நோயாளியின் சொல்லே எங்களுக்கு முதலில் உதவுகிறது. வெளிச்சம் வரும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடியதும் மறைந்தால் அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோதான் காரணம். சில நிமிடங்கள் நீடிக்கும் காட்சி எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் காரணம் மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். கணநேரத்தில் வெட்டும் ஓரத்து மின்னல் மூடிய கண்ணிலும் தெரியும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது. மூளையிலிருந்து வரும் காட்சி பார்வையின் வலப்பாதியிலோ இடப்பாதியிலோ மட்டும் தெரியக்கூடும் என்பதால், பலர் அதை அந்தப் பக்கத்துக் கண்ணின் கோளாறு என்று தவறாக எண்ணுகிறார்கள். மூடிப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். எங்கே தோன்றி எந்தப் பக்கம் நகர்ந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் குறித்து, முடிந்தால் ஒரு கோட்டுப்படமும் வரையுங்கள்.

எல்லாப் பரிசோதனைகளும் முறையாக நடந்து, எதிலும் குறை காணப்படாமல், வெளிச்சங்கள் மட்டும் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பார்வை முழுவதும் எப்போதும் நுண்புள்ளிகள் துடித்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, கண் கூச்சமும், இரவில் பார்வைத் தடுமாற்றமும், பார்த்த பொருளின் உருவம் விலகாமல் நிற்பதும் சேர்ந்தால் அதற்குக் காட்சிப்பனி என்று பெயர். மூளை காட்சிகளை வடிகட்டும் விதத்தில் நேரும் மாற்றமாக அது கருதப்படுகிறது. கண் கெட்டுவிட்டதென்றோ பார்வை போய்விடுமென்றோ அதற்குப் பொருள் இல்லை. உறுதியாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லாததால், அப்படி ஒன்றை விற்பவர்களை நம்பிப் பணத்தையும் மனத்தையும் செலவிட வேண்டாம்.

சமாளிப்பதைப் பற்றி, என் அனுபவத்தில் பலன் தந்ததைச் சொல்கிறேன். நாள் முழுவதும் தேடுவதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, எல்லாவற்றிலும் பயன் தருவதும் அதுவே. கவனம் செல்லும் இடத்தில் மூளை உணர்வைக் கூட்டிக் காட்டுகிறது. அச்சம் அந்தக் கவனத்தை மேலும் கூர்மையாக்குகிறது. தேடவே கூடாது என்று உங்களுக்கு நீங்களே ஆணையிட்டால் பலிக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடி, எதிரே உள்ள சுவரைப் பார்த்து, நிழலோ வளைவோ புதிய புள்ளிகளோ உண்டா என்று இரண்டு நிமிடம் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்காணிப்பு நடக்கிறது என்ற உறுதி மனத்துக்குக் கிடைத்தால் மற்ற நேரங்களில் அது தானாக விலகக் கற்கும். அப்படியும் அச்சம் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல ஆலோசனை பெறுங்கள். நீங்கள் காண்பது கற்பனை என்று இதற்குப் பொருளில்லை.

மின்னல் வெட்டும் இடங்களில் முழு இருட்டைத் தவிர்த்து, ஒரு மங்கிய விளக்கை எரியவிட்டால் அது உறுத்தாது. வெயிலில் குளிர்க்கண்ணாடி அணியுங்கள். வீட்டுக்குள்ளும் அதை அணிந்துகொண்டே இருந்தால் நாளடைவில் கூச்சம் கூடத்தான் செய்யும். கண்ணைக் கசக்காதீர்கள். இதற்கென்று விற்கப்படும் கண் பயிற்சிகளாலோ சொட்டு மருந்துகளாலோ விட்ரியஸ் கூழின் இழுப்பு மாறுவதில்லை. ஒற்றைத் தலைவலிக் காட்சி வருபவர்கள் அது மறையும்வரை வாகனம் ஓட்டாமல் ஓரமாக நிறுத்திவிட வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை நான் பரிந்துரைப்பது இதுதான். பாவையை விரித்து இரண்டு கண்களின் விழித்திரை ஓரங்களையும் பார்க்கும் பரிசோதனை நடக்கவில்லையென்றால், இந்த வாரத்துக்குள் ஒரு விழித்திரை நிபுணரிடம் அதைச் செய்துகொள்ளுங்கள். உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், திரும்பும்போது வாகனம் ஓட்ட முடியாது. கூழ் அண்மையில்தான் பிரியத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்தால், கிழிசல் பின்னரும் ஏற்படலாம் என்பதால் நான்கு முதல் ஆறு வாரங்களில் மறுபடி பார்க்கச் சொல்வது வழக்கம். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இடைப்பட்ட நாட்களில் மேலே சொன்ன மாற்றங்களில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், குறித்துத் தந்த தேதிக்காகக் காத்திராமல் அன்றே செல்லுங்கள்.