திருச்சபை தரும் நிம்மதியை விட்டுவிட்டுத்தான் விசுவாசத்தைப் பிறரிடம் பகிர வேண்டுமா?

ஞாயிறு ஆராதனை, புதன்கிழமை ஜெபக்குழு, காலையில் வேத வாசிப்பு என்று மனம் அமைதியாக இருக்கிறது. போதகரோ "வெளியே போய்ச் சாட்சி சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு வாரமும் நெருக்குகிறார். கூச்சமாகவும் பயமாகவும் இருக்கிறது, இந்த நிம்மதியை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆம், விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் எதை விடுவது என்பதில் உங்கள் போதகரும் நானும் ஒத்துப்போவோமா என்பது சந்தேகம். ஜெபமும் பாட்டும் உங்களோடு இருக்கட்டும். நம் ஆட்கள் நடுவில், நம் பேச்சில், நம் வழக்கத்தில் வீட்டுக்காரராகவே இருந்து பழகிவிட்டோம். அந்தச் சுகம்தான் போக வேண்டும். இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகத் தெரிந்துகொண்டால் சாட்சி சொல்வது அப்படி ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை.

நான் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் பக்கத்துக்காரன். பனங்காடும் செந்நிறத் தேரிமணலும் சூழ்ந்த ஊர்கள். நடுவில் வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு கோயில் கோபுரம். எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்களைப் பார்த்து, "ஊரே கிறிஸ்தவர்களா? கொடுத்துவைத்தவர்கள்" என்பார்கள். அந்த ஊர்கள் எப்படி உண்டாயின என்பது பலருக்குத் தெரியாது. முதலூர் 1799-ல் உருவானது. கிறிஸ்தவர்கள் ஆனதற்காக அடித்து விரட்டப்பட்டவர்கள் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று ஏற்படுத்திய ஊர் அது. அடுத்த நூற்றாண்டில் இன்னும் பல ஊர்கள் அப்படி எழுந்தன. ஆகவே ஆவிக்குரிய நிம்மதியை யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். அடிபட்டவனுக்கு ஒதுங்க நிழல் வேண்டும். அதைக் குறை சொல்கிறவன் அடிபடாதவனாகத்தான் இருப்பான்.

சிக்கல் பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்தது. அடித்தவர்களும் இல்லை, அடிபட்டவர்களும் இல்லை. நிழல் மட்டும் மிச்சம். மணி அடித்தால் கோயில், பண்டிகை வந்தால் அசனம் என்கிற ஊர் விருந்து, படித்தால் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. நான் ஊரை விட்டுக் கல்லூரிக்குப் போகும் வரை "நீ எதற்காக இயேசுவை நம்புகிறாய்?" என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு ஊரில் ஆள் ஏது? கீர்த்தனை எல்லாம் மனப்பாடம், ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடையாது.

அதே வட்டாரத்தில், வெள்ளாளன்விளையில், 1874-ல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நான் சொல்ல வருவதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றி, மாணவர்கள் நடுவில் நல்ல பெயர் வாங்கியிருந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, கடல் தாண்டி இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்பியிருந்ததைப் பார்த்தார். திருநெல்வேலியில் எத்தனையோ மடங்கு அதிகமான கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், நாம் யாரை அனுப்பினோம் என்ற கேள்வி அவரைக் குத்தியது. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு நிர்வாகமும் இல்லாமல், திருநெல்வேலிக்காரர்களே ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள்.

சங்கம் தொடங்கியவர்கள் பெரும்பாலும் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவது வழக்கம். அசரியா 1909-ல் தாமே குடும்பத்தோடு தோர்ணக்கல் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 35. தெலுங்கைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய மனைவி அன்பு மரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படியேறியவர். வரதட்சணை இல்லாமல் நடந்த திருமணம் அவர்களுடையது. அந்த அம்மாளும் கூடவே போனார். 1912-ல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

அவர் சபையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். பவுலின் வார்த்தை அது. நாமும் வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில், வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். "உன்னை ஆசீர்வதிப்பேன்" வரும், "உன் கொம்பை உயர்த்துவேன்" வரும். "எனக்கு ஐயோ" என்ற அட்டை இதுவரை யார் கைக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அச்சடிக்கிறவர்களுக்கு வியாபாரம் தெரியும்.

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியதை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சொந்த நாட்டையும் சொந்தக்காரர்களையும் விட்டுவிட்டு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வந்தவர்கள். வெயிலிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். அவர்களிடமே அவர் சொன்னார்: உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. இந்திய ஊழியரைத் தங்கள் மேசையில் சரிசமமாக உட்கார வைத்துச் சாப்பிடாத மிஷனெரிகள் அன்று ஏராளம். கடலையே கடந்து வந்தவர்களால் பங்களா வாசற்படியைக் கடக்க முடியவில்லை.

நம் கதையும் பல வீடுகளில் அதுதான். கூடத்துச் சுவரில் மிஷனெரிக் குடும்பங்களின் படம் போட்ட காலண்டர் தொங்கும். காணிக்கைப் பெட்டி இருக்கும். ஜார்க்கண்டில் யாருக்கு மலேரியா என்று பெயர் சொல்லி ஜெபிப்போம். நல்ல காரியம், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் நமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பிவிட்டால் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் காலம் தள்ளிவிடலாம் என்ற ஒரு வசதியும் அதில் ஒளிந்திருக்கிறது.

என் விஷயத்தைச் சொல்கிறேன். நான் மிஷனெரி இல்லை, வங்கி ஊழியன். தொண்ணூறுகளில் பதவி உயர்வோடு கம்மத்துக்கு மாற்றினார்கள். அப்போது அது ஆந்திரப் பிரதேசம். தோர்ணக்கல் அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். நான் அசரியாவைப் பின்பற்றிப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். பதவி உயர்வை மறுத்தால் சம்பளம் உயராது, அதனால் போனேன். முதல் ஞாயிறு அங்குள்ள சபைக்குப் போய் உட்கார்ந்தேன். ஆராதனை முறைமை நமக்குத் தெரிந்ததுதான், எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் முழங்காற்படியிட வேண்டும் என்பது புரிந்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஊரில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவன், அங்கே ஒரு சிறுமி நீட்டிய பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அவள் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் கிளையின் காசாளர் நல்ல மனிதர். அவருடைய அம்மா இறந்துபோனார். பதினோராம் நாள் காரியத்துக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும் என்று என்னையும் அழைத்தார். எங்கள் சபையில் ஒரு பெரியவர், "படைத்ததைச் சாப்பிடாதீர்கள், போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுங்கள்" என்றார். சீடர்கள் எழுபது பேரை ஊர் ஊராக அனுப்பியபோது, உங்கள் முன் வைக்கிறதைப் புசியுங்கள் என்றுதான் இயேசு சொல்லி அனுப்பினார் என்பது என் நினைவுக்கு வந்தது. படைத்ததைப் பற்றிப் பவுலின் எச்சரிக்கையும் இருக்கிறது, தெரியும். துக்க வீட்டில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். உளுந்து வடையைக் காசாளரின் அக்கா கேட்காமலே இலையில் வைத்துக்கொண்டே போனார். எல்லோரும் எழுந்த பிறகு காசாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களில் செத்தவர்களுக்கு என்ன செய்வீர்கள் சார்?" என்று கேட்டார்.

அதற்கு முந்தின வருடம்தான் என் அப்பாவை அடக்கம் செய்திருந்தோம். தமிழில் கேட்டிருந்தால் பிரசங்கத்தில் கேட்டதையெல்லாம் அள்ளி விட்டிருப்பேன். என் தெலுங்கு அப்போது காய்கறிக் கடைக்கு மட்டும் போதுமானது. அப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம், பாட்டுப் பாடினோம், மண்ணுக்குள் வைத்தோம், இயேசு எழுந்தார், அப்பாவும் எழுவார், நான் பார்ப்பேன். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா என் தங்கை வயிற்றில் திரும்ப வருவாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அவள் முகம்தான் வேண்டும்" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெலுங்கும் இல்லை.

அந்த நாளுக்குப் பிறகு மதிய உணவு நேரத்தில் அவர் கேள்வி கேட்பார், நானும் கேட்பேன். பத்ராசலத்து ராமர் கோயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். தெலுங்கு வேதாகமம் ஒன்றை அவரே கேட்டு வாங்கி லூக்காவைப் படித்தார். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. இன்றும் கிறிஸ்துமஸ் அன்று காலையில் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும்.

என் விசுவாசத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உயிர்த்தெழுதலைப் பற்றி நான் பாடியிருந்தேன், சிறுவயதிலிருந்து விசுவாசப் பிரமாணத்தில் ஒப்பித்திருந்தேன். அதை நான் உண்மையிலேயே நம்புகிறேன் என்று எனக்கே தெரிய வந்தது அந்த வீட்டுத் தரையில்தான். ஆகவே வெளியே போனால் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்களே, அந்தப் பயம் தேவையில்லை என்று சொல்வேன். ஆட்டம் காணக்கூடியது எது என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்புவைப் பாருங்கள். சமாரியாவில் பட்டணமே சந்தோஷத்தில் இருந்தது. அந்த எழுப்புதலை விட்டு, வனாந்தரமான காசா பாதைக்குப் போகும்படி அவனுக்குக் கட்டளை வருகிறது. அங்கே இருந்தது ஒரே ஓர் ஆள். ஏசாயாவைப் படித்துக்கொண்டு ரதத்தில் போகிற எத்தியோப்பிய மந்திரி. பிலிப்பு வாசிப்பைக் கேட்கிறான், கேள்வி ஒன்று கேட்கிறான், மந்திரி அழைத்த பிறகு ரதத்தில் ஏறி உட்காருகிறான். மந்திரி படித்துக்கொண்டிருந்த வசனத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறான். ரதத்தை நிறுத்திக் கைப்பிரதி கொடுத்துவிட்டு ஓடவில்லை.

கைப்பிரதி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் அவர் தலைமாட்டில் நின்று பிரசங்கம் செய்வது, அடுத்தவர் சாமியை இழிவாகப் பேசுவது, தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துவது, இதெல்லாம் சாட்சி என்று யாராவது உங்களை அழைத்தால் போகாதீர்கள். அவர்கள் தங்கள் சுகத்தை விட்டு வந்தவர்கள் இல்லை, அதை ஒலிபெருக்கியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பற்றி வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஒருவர் மனதைத் திருப்புவது கடவுளின் வேலை என்றுதான் நம் விசுவாசமும் சொல்கிறது. கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று பேதுரு எழுதியதில் நம் பங்கு முழுவதும் இருக்கிறது. கேட்கிற அளவுக்கு அருகில் போய் இருக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம்.

ஜெபக்குழுவை நிறுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அந்த மாலையை வேறு யாருக்காவது கொடுங்கள். அழைத்தால் வளைகாப்புக்குப் போங்கள், துக்கத்துக்கு அழைக்காமலே போங்கள். முதல் நாளே இயேசுவைப் பற்றிப் பேசியாக வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள்; மறைத்தும் பேசாதீர்கள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பது உங்கள் பயங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். தெரியவில்லை, போதகரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணமும் கிடைத்துவிடும், வாராவாரம் நெருக்குகிற உங்கள் போதகருக்கும் கொஞ்சம் வேலை கொடுத்ததாக ஆகும்.