அணை என்னும் ஆணை

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் தென்னந்தோப்பின் கடைக்கோடியில், கரண்டு இழுக்க முடியாத இடத்தில், லினக்ஸ் ஓடும் சிறு போர்டு ஒன்றையும் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சாரையும் பேட்டரியில் ஓட விட்டிருக்கிறேன். சென்சாரை லினக்ஸின் கருவான கர்னலோடு இணைக்கும் டிரைவரை நானே எழுதினேன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்துவிட்டுச் சென்சார் உறங்க வேண்டும். ஒரு வாரம் வரும் என்று கணக்குப் போட்ட பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. சென்சார் எத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது என்று கர்னல் வைத்திருக்கும் பயன்பாட்டு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லை. இரண்டாவது சிக்கல், முழுப் போர்டையும் உறங்க வைக்கும் என் ஸ்கிரிப்ட் ஓடும் கணத்திலேயே தொட்டியின் மிதவை சுவிட்சிலிருந்து இன்டரப்ட் (செயலியின் கவனத்தைக் கோரும் சைகை) வந்தால் சில வேளை அது காணாமல் போகிறது. ‘ஆன் செய்’, ‘ஆஃப் செய்’ என்று இரண்டு ஃபங்ஷன் போதாதா? எண்ணிக்கை, கால்பேக், தாமதம் என்று கர்னல் ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறது?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்கும் அந்த இரண்டு பொத்தான்களை லினக்ஸ் ஒரு காலத்தில் ஏறத்தாழக் கொடுத்தே இருந்தது. கர்னலின் 2.6 தொடரின் தொடக்கத்தில், சாதனங்களின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கோப்பு இருந்தது. அதில் ஓர் எண்ணை எழுதினால் அந்தச் சாதனம் மட்டும் உறக்கத்துக்குத் தள்ளப்படும். எல்லா டிரைவர்களிலும் அதைச் சரியாக இயங்கச் செய்ய முடியாது என்று கண்டு பின்னர் எடுத்துவிட்டார்கள். காரணத்தை உங்கள் போர்டிலேயே பார்க்கலாம். உங்கள் சென்சார், பல சில்லுகள் பகிர்ந்துகொள்ளும் ஐ-டூ-சி பஸ் என்னும் கம்பித் தடத்தில் தொங்குகிறது. அந்தப் பஸ்ஸின் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு வேறோரிடத்திலிருந்து கிளாக் (இயங்கத் தேவையான துடிப்பு) வருகிறது. அதே பஸ்ஸில் நாளை இன்னொரு சென்சாரையும் மாட்டுவீர்கள். யாரோ ஒருவர் பஸ்ஸை ‘ஆஃப் செய்’ என்று சொல்லிவிட்டால், மற்றவருக்கு அது இன்னும் தேவைப்படுகிறதா என்று கேட்க அந்த ஆணையில் இடமே இல்லை.

அதனால்தான் ரஃபேல் வைசாக்கி உருவாக்கி, 2009 டிசம்பரில் 2.6.32 பதிப்பில் வந்த ரன்டைம் பிஎம்மில் (இயங்கும்போதே ஒவ்வொரு சாதனத்தின் மின்சாரத்தையும் நிர்வகிக்கும் ஏற்பாடு), டிரைவர் சாதனத்தை அணைப்பதில்லை. ‘எனக்கு இது வேண்டும்’ என்று சொல்லும்போது எண்ணிக்கை ஒன்று கூடும், ‘எனக்கு இனி வேண்டாம்’ என்று சொல்லும்போது ஒன்று குறையும், அவ்வளவுதான். பூஜ்யமானதும் உறங்க வைக்கலாமா, எப்போது வைக்கலாம், அது தொங்கும் பஸ் போன்ற தாய்ச் சாதனத்தையும் சேர்த்து வைக்கலாமா என்பதை எல்லோருடைய தேவையையும் அறிந்த மையம் முடிவு செய்யும். கால்பேக் என்பது அந்த முடிவு எடுக்கப்பட்ட பிறகு, உங்கள் சில்லை உறங்க வைக்கும் முறை உங்களுக்குத்தான் தெரியும் என்பதால், உங்களிடம் வந்து கேட்பது.

இந்த இடைமுகத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நீங்கள் விழுந்தது அதில்தான் என்று நினைக்கிறேன். எழுப்பும் பழைய ஃபங்ஷனின் பெயர் ‘கெட் சிங்க்’ என்று முடியும். அது எண்ணிக்கையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு சாதனத்தை எழுப்பப் பார்க்கிறது. எழுப்புவது தோற்றால் பிழை எண்ணைத் திருப்பித் தருகிறது, ஆனால் ஏற்றிய எண்ணிக்கையை இறக்குவதில்லை. ‘வேண்டும்’ என்னும் ஒவ்வொரு ‘கெட்’டுக்கும் ‘வேண்டாம்’ என்னும் ஒரு ‘புட்’ என்று கணக்கு நேராக இருக்கட்டும் என்று அப்படி அமைத்தார்கள். ஆவணத்திலும் எழுதி வைத்தார்கள். அந்த நியாயம் எனக்கு விளங்குகிறது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை. ஓர் அழைப்பு தோற்றால் அது எதையும் மாற்றியிருக்காது என்று நினைத்தே சி மொழியில் எழுதுபவரின் கை பழகியிருக்கிறது. பிழை வந்ததும் அந்தக் கை அப்படியே திரும்பிப் போய்விடும். நீங்களும் அப்படித்தான் திரும்பியிருப்பீர்கள். ஒருமுறை தோற்றால் போதும், எண்ணிக்கை அதன் பின் பூஜ்யத்தைத் தொடாது. வெட்கப்பட வேண்டாம், 2020இல் எத்தனையோ டிரைவர்களில் இதே பிழையைத் திருத்தும் பேட்சுகள் (நிரல் திருத்தங்கள்) வரிசையாக வந்தன. பிழையை விதைத்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில் ‘ரிசியூம் அண்ட் கெட்’ என்று புதிய ஃபங்ஷன் ஒன்று சேர்ந்தது. தோற்றால் எண்ணிக்கையைத் தானே இறக்கிக்கொள்ளும். முதலில் அதற்கு மாறுங்கள். அதோடு, எழுப்புவது ஏன் தோற்கிறது என்பதையும் தேட வேண்டும். கால்பேக் பிழை தந்தால் கர்னல் அந்தச் சாதனத்தின் மீது ஒரு பிழைக் குறி போட்டு, டிரைவர் அதன் நிலையைத் தெளிவாக அறிவிக்கும் வரை மேற்கொண்டு கேட்பதையெல்லாம் மறுக்கக்கூடும்.

மறதியை நம்பாத இடைமுகம் ஒன்றும் கர்னலில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. செயலி ஆழ்ந்து உறங்க உறங்க மின்சாரம் மிச்சமாகும், ஆனால் எழுந்து வரத் தாமதமும் கூடும். ஒலிப்பதிவு செய்யும் நிரல் ஒன்று அந்தத் தாமதத்தைத் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ‘ஆழ்ந்த உறக்கத்தை நிறுத்து’ என்று ஆணையிடுவதில்லை. இத்தகைய தேவைகளைக் கேட்டு வைக்கும் பிஎம் க்யூஓஎஸ் என்ற கர்னல் பகுதி தரும் ஒரு சாதனக் கோப்பைத் திறந்து, தன்னால் பொறுக்கக்கூடிய தாமதத்தை மைக்ரோநொடியில் எழுதிவிட்டு, கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும். இப்படிக் கேட்டவர்களில் மிகக் குறைந்த எண் எதுவோ அதற்குள் எழுந்து வரக்கூடிய உறக்க நிலையைக் கர்னல் தேர்ந்துகொள்ளும். நிரல் செத்துவிட்டால் கோப்பு தானாக மூடும், கோப்பு மூடினால் வேண்டுகோளும் போய்விடும். ‘புட்’ சொல்ல மறக்க வழியே இல்லை.

சித்தூர்ப் புழையை நம்பிப் பிழைக்கும் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள், எனவே இதைச் சொன்னால் விளங்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானபோது, மணக்கடவு தடுப்பணைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வந்து சேர வேண்டும் என்று எழுதினார்கள்; ஆழியாறு அணையின் ஷட்டரை எத்தனை அடி தூக்க வேண்டும் என்பதைக் கேரளம் சொல்வதாக வைக்கவில்லை. தேவை எல்லையில் அளக்கப்படுகிறது, திறப்பது மேலே இருப்பவர் பொறுப்பு. (மின்சாரத்தை அணைப்பது பற்றி எழுத வந்து அணைக்கட்டுக்கே போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் ஒப்புமை இங்கேயே நின்றுவிடும்: நீரில் எல்லோர் பங்கையும் கூட்ட வேண்டும், தாமதத்தில் கூட்டல் இல்லை, மிகச் சிறிய எண்தான் செல்லும். ஓர் இடைமுகத்தை வடிவமைப்பவர், வேண்டுகோள்களை எப்படிச் சேர்ப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

முடிவு யார் கையில் இருப்பது என்பதும் பழைய வழக்குதான். 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த ஏபிஎம் என்ற மின்சேமிப்பு முறையில், கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரலே பெரும்பாலும் முடிவெடுத்தது. கணினியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பயாஸுக்குத் தெரியாது. 1996இல் வந்த அடுத்த முறையான ஏசிபிஐ முடிவை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது.

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2009இல், சாதனம் உறங்கிவிடாமல் தடுக்கும் ‘வேக்லாக்’ பேட்சுகளைக் கர்னலுக்கு அனுப்பியபோது எழுந்த நீண்ட சண்டையின் நடுவில் இருந்ததும் இதே கேள்விதான்: உறங்கத் தொடங்கும் கணத்தில் எழுப்பும் நிகழ்வு வந்தால் என்ன செய்வது? 2010இல் 2.6.36 பதிப்பில் இதற்கு ஒரு விடை வந்தது, 2012இல் 3.5 பதிப்பில் ஆண்ட்ராய்டின் முறைக்கு நெருக்கமான இடைமுகமும் சேர்ந்தது. உங்கள் ஸ்கிரிப்டுக்கு முந்தையதே போதும். எழுப்பும் நிகழ்வுகளின் எண்ணிக்கையைத் தரும் கோப்பு ஒன்று சிஸ்எஃப்எஸ்ஸின் பவர் அடைவில் இருக்கிறது. அதைப் படியுங்கள், நிலுவையில் இருக்கும் வேலையை முடியுங்கள், படித்த அதே எண்ணை அதில் திருப்பி எழுதுங்கள். இடையில் நிகழ்வு ஏதாவது வந்திருந்தால் எண் மாறியிருக்கும், எழுதுவது தோற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதுவது வென்ற பிறகே உறங்கச் சொல்லுங்கள். அதற்கும் பின்னால் நிகழ்வு வந்தால் கர்னலே உறக்கத்தைக் கைவிட்டுவிடும். இவை எல்லாம் நடக்க, மிதவை சுவிட்சின் இன்டரப்ட் எழுப்பக்கூடியது என்று டிரைவரில் பதிவாகியிருக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் சுவிட்சுக்காக இந்த எண் அசையவே அசையாது.

கடைசியாகத் தாமதம். எண்ணிக்கை பூஜ்யமான உடனேயே உறங்க வைப்பது எப்போதும் லாபம் இல்லை, ஏனெனில் உறங்குவதற்கும் எழுவதற்கும் மின்சாரம் செலவாகிறது. யூஎஸ்பி சாதனங்களுக்குக் கர்னல் இயல்பாக 2 விநாடி காத்திருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும் உங்கள் சென்சாருக்கு அவ்வளவு காத்திருப்பு தேவைப்படாது, ஆனால் ஈரம் வேகமாக மாறும்போது அடுத்தடுத்து நான்கைந்து அளவு எடுப்பதாக இருந்தால் கொஞ்சம் தேவைப்படும். ஒரு முறை எழுப்பும் செலவையும் ஒரு விநாடி சும்மா விழித்திருக்கும் செலவையும் மீட்டர் வைத்து அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் விநாடிக் கணக்கை, உறங்குமுன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஆட்டோசஸ்பெண்ட் கோப்பில் மில்லிநொடியாக மாற்றி எழுதிப் பாருங்கள்.