மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான்: கேள்வி பதில்

செந்தூலில் மழை, வெளியே போக முடியாது, அதனால் இன்றிரவு கேள்விகளுக்கு உட்கார்ந்துவிட்டேன். எங்கே காடு, எங்கே தோட்டம், எங்கே ஊர் என்று காட்டும் உலக நிலப்பரப்புத் தரவு செயற்கைக்கோள் படங்களிலிருந்து எப்படித் தயாராகிறது என்று கேளுங்கள். முதலிலேயே ஒன்று: எண்ணைப் பார்க்கும் முன் வரையறையைப் படியுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், மாணவி): சார், பினாங்கில் எந்தப் படத்தை எடுத்தாலும் மேகம். உலகம் முழுக்க மேகமே இல்லாத படம் எப்படிக் கிடைக்கிறது?

பதில்: ஒரே நாளில் எடுத்ததில்லை அம்மா, ஒட்டுப்போட்டது. 1999 டிசம்பரில் டெர்ரா செயற்கைக்கோளில் போன மோடிஸ் கருவி ஏறக்குறைய தினமும் உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிடும். 16 நாள் படங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது படத்தின் ஒவ்வொரு சின்னச் சதுரத்துக்கும், நல்ல நாளைப் பொறுக்குவார்கள். மேகம் வந்தால் தாவரக் குறியீடு, அதாவது எவ்வளவு பச்சை என்று சொல்லும் எண், இறங்கிவிடும், ஆகவே மதிப்பு அதிகமாக உள்ள நாள் பெரும்பாலும் சுத்தமான நாள். இதனால் அடுத்தடுத்த பிக்சல்கள் வெவ்வேறு தேதியில் எடுத்தவையாக இருக்கும். 16 நாளும் மேகமாக இருந்தால்? நம் ஊரில் அதுவும் நடக்கும். இருப்பதில் மோசமில்லாததை வைத்துவிட்டு, இதை நம்பாதே என்று கூடவரும் தரக்குறிப்பில் எழுதிவைப்பார்கள். அதைத் திறந்தே பார்க்காமல் ஆய்வேடு எழுதுகிறவர்கள் நிறைய, நீங்களாவது பாருங்கள். மேகம் ரொம்பத் தொல்லை கொடுத்தால் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போங்கள், ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டில்லை.

கேள்வி (கிள்ளான்): லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் என் வீட்டுக் கூரை தெரியுமா?

பதில்: தெரியாது. ஒரு பிக்சலே 30 மீட்டருக்கு 30 மீட்டர்.

கேள்வி (செரம்பான்): அண்ணே, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்ட்கவர் நிலப்பரப்பு வரைபடம் 2020-க்கும் 2021-க்கும் இருக்கிறது. கழித்தால் அழிந்த காடு வந்துவிடும்தானே?

பதில்: கழிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கும் நடுவில் வகைப்படுத்தும் முறையையே மாற்றினார்கள். வரும் வித்தியாசத்தில் எது நிலம் மாறியது, எது முறை மாறியது என்று பிரிக்க முடியாது. மொத்தத் துல்லியமே 2020-க்கு 74.4 சதவீதம், 2021-க்கு 76.7. வெளியிட்டவர்களே இதை எச்சரித்திருக்கிறார்கள்.

கேள்வி (கோல சிலாங்கூர்): நான் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது அங்கே செம்பனை. உங்கள் உலக வரைபடத்தில் அது காட்டோடு சேர்ந்து பச்சையாக இருக்கிறதே, எப்படி?

பதில்: இதற்காகத்தான் ஐயா வரையறை, வரையறை என்று கத்துகிறேன். 2013-ல் வந்த உலகக் காட்டு மாற்ற வரைபடத்தில் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எதுவும் மரம். காடா, தோட்டமா என்று அது கேட்பதில்லை. வேர்ல்ட்கவரும் செம்பனையை மரப் பரப்பில்தான் போடுகிறது. மோடிஸ் வகைப்பாடு ஒன்றில் 2 மீட்டரே போதும், ஆனால் மரத் தழை நிலத்தை 60 சதவீதத்துக்கு மேல் மறைத்திருக்க வேண்டும். ஆக ஒரே நிலத்துக்கு மூன்று ஜாதகம். 25 வருடம் ஆன செம்பனையை வெட்டிப் புதிதாக நட்டால் 2013 வரைபடம் அதை இழப்பு என்று சிவப்பில் காட்டும், செய்தியில் காடு அழிந்தது என்று வரும்.

கேள்வி (ஈப்போ): அப்படியானால் பால்மரம்?

பதில்: வம்பை இழுக்கிறீர்கள். ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் ரப்பர் தோட்டம் காடு, செம்பனை காடு இல்லை, விவசாயம். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டால் அந்தக் கணக்கில் காடு குறைகிறது, மேலிருந்து பார்த்தால் சில வருடத்தில் மறுபடி பச்சை.

கோல சிலாங்கூர் ஐயா மறுபடி: எங்கள் அப்பா நாற்பது வருடம் பால்மரம் சீவினார். காட்டிலா சீவினார்? புலி வந்ததா?

ஈப்போ: ஐயா, நிழல், வேர், மண் இதையெல்லாம் பார்த்தால் பால்மரம் காட்டுக்குப் பக்கம்தானே.

கோல சிலாங்கூர்: நிழலில் நின்று பார்த்தீர்களா, கொசுவில் நின்று பார்த்தீர்களா?

பதில்: இரண்டு பேரும் நிறுத்துங்கள். அந்த வரையறை மரவகையையும் நிலப் பயன்பாட்டையும் வைத்து எழுதியது, உங்கள் அப்பாவின் முதுகுவலியை வைத்து எழுதவில்லை. ஆனால் ஐயா பக்கம் நியாயம் இருக்கிறது: வரிசையாக நட்டதைக் காடு என்றால் அந்த வார்த்தை எதைக் குறிக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): பிக்சலை எண்ணி 900 சதுரமீட்டரால் பெருக்கினால் பரப்பு வருமா?

பதில்: நானே ஒரு முறை இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். 2013 வரைபடம் பாகைக் கட்டத்தில் இருக்கிறது, அதாவது பிக்சலை மீட்டரில் இல்லை, அட்சரேகை தீர்க்கரேகைப் பாகையில் வெட்டியிருக்கிறார்கள். 30 மீட்டர் என்பது பேச்சுக்கு. நம் ஊரில் ஒரு பிக்சல் சுமார் 27.7 மீட்டர், கிட்டத்தட்ட 770 சதுரமீட்டர். 900 என்று போட்டால் தோட்டத்தின் பரப்பு பதினேழு சதவீதம் கூடிவிடும். அந்த அறிக்கை மேசையைத் தாண்டும் முன் ஒரு சக ஊழியர் பிடித்தார்.

கேள்வி (கெப்போங்): மேகமில்லாத படம் எங்கே கிடைக்கும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (பிறை): மேகம் எடுக்க ஏதாவது ஆப்?

பதில்: முதல் பதில்!

கேள்வி (செர்டாங்): செயற்கைக்கோள் கோலாலம்பூர் சாலையில் 45 டிகிரி காட்டுகிறது. பிழையா?

பதில்: அது தார் மேற்பரப்பின் சூடு, காற்றின் சூடு இல்லை.

கோல சிலாங்கூர் ஐயாவுக்கு: தோட்டத்தின் பெயரைத் தனியாக அனுப்புங்கள். லேண்ட்சாட்-5 1984-ல் போனது. லயமும் கோயிலும் 30 மீட்டரில் பிரிந்து தெரியாது, ஆனால் பால்மரம் சாய்ந்த வருடத்தைத் தேடிப் பார்க்கிறேன், மேகம் விட்டால்.