எடையில்லாத வாளை எப்படிப் பிடிப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "அறிவியல் புனைகதை ஒன்று எழுதுகிறேன். நாயகி எஃகு வாளில் தேர்ந்தவள். அவளுக்கு ஓர் ஆற்றல் வாள் கிடைக்கிறது. கைப்பிடி 25 செ.மீ., அதிலிருந்து ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிளாஸ்மா. அலகுக்கு எடையே இல்லாததால் அவள் பல மடங்கு வேகமாகச் சுழற்றி எல்லோரையும் வெல்கிறாள். பிறகு 5 செ.மீ. தடிமனுள்ள எஃகுக் கதவைப் பத்தே நொடியில் வட்டமாக அறுத்து வெளியேறுகிறாள். இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளுமா?"

பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவை, காந்தப்புலம் வாள் வடிவில் கட்டி நிறுத்துகிறது என்பதைக் கதைக்காக ஏற்றுக்கொள்வோம். அலகுக்கு எடை இல்லை என்று நீங்கள் எழுதியதும் சரிதான். 3 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள இடத்தில் சாதாரணக் காற்றே ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும். சூடான பிளாஸ்மா அதைவிடவும் லேசானது. ஆனால் எடை போனால் வாள் வீசுவது சுலபமாகிவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் கணிப்பில், நாயகியின் முதல் நாள் காயம் எதிரியால் வராது, அவள் வாளாலேயே வரும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பை ஆட்டினால் அதன் நீளத்தை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம். கம்பைத் திருப்பும்போது அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதிலிருந்து கை நீளத்தை உணர்கிறது. இந்த எதிர்ப்பைத்தான் நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். ஒரு கிலோ எடையும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கம்பியை முனையில் பிடித்தால் அது 0.33 கி.கி. மீ². அரைக் கிலோ எடையுள்ள 25 செ.மீ. கைப்பிடிக்கோ வெறும் 0.01தான். முப்பது மடங்கு வித்தியாசம். ஆக, கண் ஒரு மீட்டர் என்கிறது, கை கால் மீட்டர் என்கிறது. சண்டையின் அவசரத்தில் உடல் கேட்பது கையின் பேச்சைத்தான். பழகிய வாள்காரிக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் வாளின் கனத்தை வைத்தே நுனி எங்கே இருக்கிறது என்று அறிந்து பழகியவள் அவள். சுழற்றித் திருப்பும்போது முழங்காலோ தோளோ வழியில் வந்துவிடும்.

சரி, முப்பது மடங்கு வேகமாவது கிடைக்குமா? அதுவும் கிடைக்காது. அவள் இப்போது சுழற்றுவது பெரும்பாலும் தன் சொந்தக் கையைத்தான், கையின் எடை குறையவில்லையே. ஒரு ஸ்க்ரூடிரைவரை வீசிப் பாருங்கள், உச்ச வேகம் அதுதான். எஃகு வாளைவிட வேகம்தான், ஆனால் பல மடங்கு என்று எழுத முடியாது. உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வீச்சை நடுவில் நிறுத்தித் திசை மாற்றுவது மிகச் சுலபமாகிவிடும். பொய்யாக ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் வெட்டுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. உங்கள் சண்டைக் காட்சியை அதன்மேல் கட்டுங்கள்.

அப்புறம் தடுப்பது. காந்தப்புலங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் இரண்டு வாள்கள் மோதி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எஃகு வாளில் அடியின் அதிர்ச்சியில் ஒரு பகுதியை அலகின் நிறையே வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்க எதுவும் இல்லை, முழுவதும் நேராக மணிக்கட்டுக்கு வரும். கையிலிருந்து 80 செ.மீ. தொலைவில் 50 நியூட்டன் விசை, அதாவது ஐந்து கிலோ எடை அழுத்துவது போல, விழுந்தால் திருப்புவிசை 40 நியூட்டன் மீட்டர். ஒற்றை மணிக்கட்டு அதைத் தாங்காது. அதனால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கைப்பிடியையும் 35 செ.மீ. ஆக நீட்டிவிடுங்கள். கைகளுக்கிடையே 25 செ.மீ. இருந்தால், பின் கை 160 நியூட்டன் கொடுத்தாலே போதும். அடியை நுனியில் வாங்காமல் கைக்கு அருகில் வாங்குவது இன்னும் நல்லது.

கைப்பிடிக்குள் வேகமாகச் சுழலும் சக்கரம் வைத்து எடையுணர்வைக் கொடுக்கலாமே என்று தோன்றும். அது சரிவராது. சுழலும் சக்கரத்தின் அச்சைத் திருப்பினால் அது செங்குத்தான திசையில் இழுக்கும், வாள் கோணலாக ஓடும்.

பயிற்சிக் காட்சிக்கு ஒரு வழி சொல்கிறேன், நீங்களே செய்து பார்க்கலாம். பேப்பரை ஒரு மீட்டர் குழாயாகச் சுருட்டி, கனமான டார்ச் லைட்டின் முனையில் ஒட்டி வீசுங்கள். கையில் தெரிவது காற்றின் தடை மட்டும்தான். நுனி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால், 3 செ.மீ. தடிமனுள்ள குழாய்க்கு அது சுமார் 2.5 நியூட்டன் வரும். உங்கள் வாளும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றால், நாயகி அலகை உணரக் கிடைக்கும் ஒரே துப்பு அதுதான்.

கடைசியாகக் கதவு. ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை 2 செ.மீ. அகலத்துக்கு உருக்கினால் சுமார் 25 கிலோ எஃகு உருக வேண்டும். கிலோவுக்கு ஏறத்தாழ 1.3 மெகாஜூல் வைத்தால் மொத்தம் 32 மெகாஜூல். பத்து நொடியில் முடிக்க 3 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். இன்றைய லித்தியம் பேட்டரி என்றால் அதுவே 35 கிலோ இருக்கும். ஆற்றல் மூலத்தைக் கதைக்குள் நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஆனால் உருகிய அந்த 25 கிலோ எஃகு எங்கே போகிறது என்று எழுத மறக்காதீர்கள். உலோகம் வெட்டும் பிளாஸ்மா கட்டர் கருவி, உருகிய உலோகத்தைக் காற்றை வேகமாகப் பாய்ச்சி மறுபக்கம் ஊதித் தள்ளிவிடும். உங்கள் வாளில் அப்படி ஏதும் இல்லாததால், அது கதவின் அடியில் வழிந்து அவள் காலை நோக்கி வரும். அவளைப் பக்கவாட்டில் நிற்க வையுங்கள்.