2147483647 பகா எண் என்பதால்தான் கணினி அங்கே நின்றுவிடுகிறதா?

கேள்வி: 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு 2147483647. அது பகா எண்ணாமே, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம். 32 பிட்டில் ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சமுள்ள 31 பிட்டில் அடங்கும் பெரிய எண் 2^31 − 1, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 16 பிட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 32767 வரும். அது 7 × 31 × 151. 64 பிட்டுக்கு வருவதும் 7ஆல் வகுபடும். நடுவில் இருப்பது பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான்.

எனக்கு இந்த எண் அறிமுகமானது ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு. பழைய வேலையில் ஒரு டேட்டாபேஸ் டேபிளின் ஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாகக் கொடுக்கும் எண்) இந்த எண்ணைத் தொட்டதும் புதிய பதிவு எதுவும் ஏறவில்லை. ஐடியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டு, தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரிடம் வந்து சேர்ந்தேன்.

இது பகா எண் என்று 1588 வாக்கிலேயே இத்தாலியரான கத்தால்டி சொல்லிவிட்டார். ஆனால் அதே மூச்சில் 2^23 − 1, 2^29 − 1 ஆகியவற்றையும் பகா எண் என்றார், இரண்டும் தப்பு. நிரூபித்தது 1772இல் ஆய்லர். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட பார்வையே இல்லை.

நேர்வழியில் போனால் வர்க்கமூலமான 46340 வரை உள்ள ஏறக்குறைய 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் என்ன செய்தார் என்றால், இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால் அது எப்படி இருந்தாக வேண்டும் என்று முதலில் கேட்டார். அதை 31ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். மொத்தம் 372 வகுத்தல்கள்தான்!

நானும் பேப்பரில் ஆரம்பித்தேன். 63 பகா எண் இல்லை, 249ஐ 3 வகுக்கும், அடுத்தது 311. மீதி 35. அதற்கப்புறம் வரும் பகா எண் 1303, மீதி 226. அதோடு பேனாவை மூடிவிட்டேன்.

இதிலிருந்து ஒரு செவ்விய எண்ணும் (6 = 1 + 2 + 3 போல, தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்) கிடைக்கிறது: 2^30ஆல் பெருக்கினால் 2305843008139952128. இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் தேடப் போவதில்லை, அதனால் என்ன பயன் என்ற தொனியில் 1811இல் ஆங்கிலேயக் கணிதவியலர் பீட்டர் பார்லோ எழுதினார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா 2^127 − 1 பகா எண் என்று காட்ட, அதிலிருந்து இன்னும் பெரிய செவ்விய எண் கிடைத்ததும் அந்தப் பேச்சு எடுபடாமல் போனது.

சரி, பகா எண் என்ற குணத்தைக் கணினி எங்குமே பயன்படுத்தவில்லையா? ஓர் இடத்தில் பயன்படுத்துகிறது: தற்செயல் எண்களை (ரேண்டம் நம்பர்) உருவாக்கும்போது. 1இல் தொடங்கி, 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை எடுங்கள்; திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் போகும். 1 முதல் 2147483646 வரை ஒன்று விடாமல் தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1க்கு வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச் சுற்று கிடைக்காது. சி++ மொழியின் நூலகத்தில் இந்த முறை இன்னும் இருக்கிறது. பாஸ்வேர்டு உருவாக்க மட்டும் இதைத் தொடாதீர்கள். ஓர் எண் தெரிந்தால் அடுத்ததை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.