டிராக்கர் பட்டை: எது பொருந்தும், எப்படி மாட்டுவது, எவ்வளவு இறுக்குவது?

கேள்வி: கையில் எம்ஐ பேண்ட் 7 ஃபிட்னஸ் டிராக்கர் கட்டிவருகிறேன். பட்டையில் வழக்கமாக மாட்டும் ஓட்டை கிழிந்து, ஸ்கூட்டியில் போகும்போது ஒருமுறை கழன்று மடியில் விழுந்தது. ஆன்லைனில் புதுப் பட்டை வாங்கினேன். அதில் 8, 9 என்று போட்டிருந்தது. என்னுடையதில் சேரவே இல்லை. எந்தப் பட்டை வாங்க வேண்டும், எப்படி மாற்ற வேண்டும்? நிதானமாக நடந்தாலும் இதயத் துடிப்பு 118, 120 என்று காட்டுகிறது. இறுக்கிக் கட்டினால் தோல் சிவந்து அரிக்கிறது. கருவியே கெட்டுவிட்டதா?

பதில்: கருவி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கழன்று விழுவது, துடிப்பைத் தப்பாகக் காட்டுவது, அரிப்பது ஆகிய மூன்றுக்குமே பட்டையும் அதைக் கட்டும் விதமும்தான் பெரும்பாலும் காரணம். புதுக் கருவி வாங்கும் முன் பட்டையைச் சரிசெய்து பாருங்கள்.

முதலில், வாங்கிய பட்டை ஏன் சேரவில்லை என்பது. எம்ஐ பேண்டில் 7 வரைக்கும் ஒரு முறை, 8-லிருந்து வேறு முறை. 7 வரை, டிராக்கர் (திரையும் சென்சாரும் உள்ள பகுதி) ஒரே துண்டான ரப்பர் பட்டையின் நடுக் குழிக்குள் போய் உட்காரும். 8 வந்ததும் பட்டை இரண்டு துண்டானது. டிராக்கரின் இரண்டு முனைகளிலும் தனித்தனியாகப் பூட்டிக்கொள்ளும். உங்கள் கைக்கு வந்த பட்டை 8-க்கும் 9-க்கும் பொதுவானது. அதை 7-ல் பூட்ட இடமே கிடையாது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குழி வகையிலும் எல்லாம் ஒன்றல்ல. 3-க்கும் 4-க்கும் ஒரே பட்டை. 5-க்கும் 6-க்கும் ஒரே பட்டை. 6-ன் டிராக்கர் 18.6 மி.மீ. அகலம், 7-ன் டிராக்கர் 20.7 மி.மீ. ‘5/6/7 மூன்றுக்கும் பொருந்தும்’ என்று போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் இழுபடும் என்பதால் 7-ஐ அதற்குள் திணித்துவிடலாம்தான். ஆனால் குழியின் விளிம்பு எப்போதும் விரிந்தபடியே இருப்பதால் பிடி குறையும். கொஞ்ச நாளில் மூலையில் கீறல் விடும். 7-க்கு என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்குங்கள். பெயருக்குப் பின்னால் வரும் ‘ப்ரோ’, ‘ஆக்டிவ்’ என்ற சொற்களையும் கவனியுங்கள். 7 ப்ரோவுக்கும் 7-க்கும் பட்டை வேறு.

மற்ற கம்பெனிக் கருவிகள் வைத்திருப்பவர்களும் இதையே கேட்பதால் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஃபிட்பிட் சார்ஜ் 3-ம் 4-ம் ஒரு ஜோடி, 5-ம் 6-ம் ஒரு ஜோடி. ஜோடி மாறினால் பொருந்தாது. சார்ஜ் 5, 6-ல் சிறிய அளவுப் பட்டை 130 முதல் 170 மி.மீ. வரை சுற்றளவுள்ள மணிக்கட்டுக்கு, பெரியது அதற்கு மேல். ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

மாற்றும் முறை

உங்கள் 7-ல் பழைய பட்டையைக் கழற்ற எந்தக் கருவியும் வேண்டாம். கத்தி, ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பட்டையின் இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுத்தால் டிராக்கருக்கும் ரப்பருக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும். இடைவெளி தெரிந்த முனையில், பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் டிராக்கர் முன்பக்கமாக எழும்பி வரும்.

இப்போது டிராக்கரின் ஓரத்தைப் பாருங்கள். வியர்வையும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு வரியாகப் படிந்திருக்கும். அது இருந்தால் புதுப் பட்டையின் விளிம்பு முழுசாக உட்காராது. ஈரத்தில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பின்பக்கம் சென்சார் இருக்கும் கண்ணாடியை மட்டும் பிரஷால் தேய்க்க வேண்டாம். மெல்லிய துணி போதும்.

மாட்டும்போது டிராக்கரின் ஒரு முனையை முன்பக்கமாகக் குழிக்குள் நுழைத்து, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரப்பர் விளிம்பைச் சுற்றிலும் விரல் நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்காவது விளிம்பு உள்ளே மடிந்திருந்தாலோ, ஓரிடத்தில் டிராக்கர் துருத்திக்கொண்டிருந்தாலோ அந்த இடத்தில்தான் பின்னால் பிதுங்கும். பிறகு பட்டையை இரு பக்கமும் இழுத்தும், லேசாக முறுக்கியும் பாருங்கள். அசையாமல் இருந்தால் சரி. கட்டிப் பார்க்கும்போது எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் டிராக்கரைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

8, 9 வைத்திருப்பவர்கள் பட்டையின் முனையில் உட்புறம் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் பட்டை விடுபடும். மாட்டும்போது ‘டக்’ என்று பூட்டுகிறதா என்று பார்த்து, இழுத்தும் சரிபார்க்க வேண்டும். ஃபிட்பிட் சார்ஜ் வரிசையில் பக்கிள் உள்ள துண்டு டிராக்கரின் மேல் முனையில் வர வேண்டும். மாற்றிப் பூட்டினால் கட்டுவது கைக்கு ஏடாகூடமாக இருக்கும்.

கடிகாரம் போலவே ஸ்பிரிங் பின் (பட்டையைப் பிடித்திருக்கும், உள்ளே சுருள்வில் உள்ள சின்னக் கம்பி) வைத்த ஸ்மார்ட் வாட்ச் என்றால் கதை வேறு. அங்கே பட்டையின் அகலம் 18, 20, 22 மி.மீ. என்று வரும். பழைய பட்டையை அளக்காதீர்கள். அது நசுங்கியும் தேய்ந்தும் இருக்கும். வாட்சில் பட்டை மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் பின்னில் ஒரு சின்ன நெம்பு இருந்தால் அதை நகத்தால் உள்பக்கம் தள்ளினால் பின் கழன்றுவிடும். புதியதை மாட்டும்போது நெம்பு இல்லாத முனையை முதலில் துளையில் வைத்து, நெம்பைத் தள்ளியபடியே மறுமுனையை நேராக்கி, விடுங்கள். ஸ்பிரிங் தெறித்துப் போனால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். மேஜையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். பின்னின் ஒரு முனை மட்டும் துளையில் இறங்கி, மறுமுனை கொம்பின் ஓரத்தில் சும்மா முட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. பார்வைக்குச் சரியாகவே தெரியும். கையை வீசும்போதுதான் கழலும். அதனால் இரு பக்கமும் பலமாக இழுத்துப் பார்த்த பிறகே கையில் கட்ட வேண்டும்.

ஓட்டை ஏன் கிழிகிறது?

உங்கள் பட்டையில் ஓர் உலோகக் குமிழ் ஓட்டைக்குள் அழுந்தி நிற்கிறது. கழற்றும்போது வாலைப் பிடித்து இழுத்தால் முழு இழுவையும் அந்த ஒரு ஓட்டையின் ஓரத்தில் விழுகிறது. குமிழ் இருக்கும் இடத்திலேயே விரல் வைத்து நெம்பி எடுத்தால் ரப்பர் வெகுநாள் தாங்கும். ஓட்டை விரிந்த பட்டையை வீட்டில் வேண்டுமானால் கட்டிக்கொள்ளலாம், வண்டியில் வேண்டாம். மழைக்கோட்டின் கையோ, தோள்பையின் வாரோ உரசினாலே குமிழ் கழலும்.

கிழிந்த இடத்தில் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை தடவுவது பயன் தராது. அது காய்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி கெட்டியாகித் தோலைக் கீறும். காயும்போது கிளம்பும் ஆவி சென்சார் கண்ணாடியில் வெள்ளையாகப் படியவும் செய்யும்.

புதிதாக வாங்கும்போது, தினமும் வண்டி ஓட்டும் உங்களுக்குக் குமிழ் வகையை விட, கைக்கடிகாரம் போல பக்கிளும் வாலைச் செருக ஒரு வளையமும் உள்ள சிலிகான் பட்டைதான் எங்கள் தேர்வு. காந்தத்தால் ஒட்டும் உலோக வலைப் பட்டை பார்க்க அழகு. ஆனால் நடக்க நடக்கத் தளர்ந்துகொண்டே போகும். தோல் பட்டை வியர்வையில் நாறும். விலை கூடிய ‘ஃபுளோரோ எலாஸ்டோமர்’ (ஃபுளோரின் சேர்ந்த செயற்கை ரப்பர்) பட்டைக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பட்டைகளைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 15-ல் ஃபுளோரின் சேர்மங்களுக்கான அடையாளம் இருந்தது. எளிதில் சிதையாத ரசாயனங்களில் ஒன்றும் பலவற்றில் இருந்தது. மலிவான சிலிகானே நல்லது.

எங்கே கட்டுவது, எவ்வளவு இறுக்குவது?

டிராக்கர் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் டிராக்கர் குலுங்கும். அந்தக் குலுக்கலைக் கருவி துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக நடப்பவரே நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைப்பார். நீங்கள் சொல்லும் 118, 120 அந்த அளவிலேயே இருக்கிறது. நடந்துகொண்டே ஒரு நிமிட அடிகளை எண்ணுங்கள். நின்றவுடன் கழுத்தில் விரல் வைத்து 30 நொடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கருவியின் எண் அடிகளோடு ஒத்துப்போய், விரலில் எண்ணியது குறைவாக இருந்தால் பட்டைதான் காரணம். விரலில் எண்ணியதும் 120 என்றால் கருவி சரியாகத்தான் சொல்கிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண நேரத்தில் மணிக்கட்டின் துருத்திய எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். எலும்பின் மேலேயே கட்டினால் ஒரு பக்கம் தூக்கி ஒளி கசியும். நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போது இரண்டு மூன்று விரல் அகலம் மேலே ஏற்றி, ஓர் ஓட்டை இறுக்குங்கள். சரியான இறுக்கத்தை அறிய டிராக்கரை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தோலும் கூடவே நகர்ந்தால் சரி. தோல்மேல் வழுக்கினால் தளர்வு. விரல் நுனி மரத்தாலோ, கழற்றியபின் பள்ளமாகப் பதிந்த தடம் வெகுநேரம் மறையாவிட்டாலோ இறுக்கம் அதிகம். பயிற்சி முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்கு இறக்கித் தளர்த்துங்கள். நாள் முழுவதும் அதே இறுக்கத்தில் விட்டிருப்பதுதான் உங்கள் அரிப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

அரிப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டை முழுவதும் பட்ட இடம் சிவந்திருந்தால் அடியில் தங்கிய வியர்வையும் சோப்பும்தான். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள், அல்லது குளித்ததும் பட்டையின் உட்புறத்தையும் கையையும் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கட்டுங்கள். சானிடைசர், டெட்டால், பாத்திர சோப்பு வேண்டாம். அவற்றின் மிச்சமே அரிப்பைத் தரும். கொசு விரட்டிக் களிம்பு, சன் ஸ்கிரீன் பூசினால் அது காய்ந்தபின் கட்டுங்கள். குமிழோ பக்கிளோ பட்ட இடத்தில் மட்டும் வட்டமாகச் சிவந்திருந்தால் உலோகத்தில் உள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். பிளாஸ்டிக் பக்கிளுக்கு மாறுங்கள். தோல் எரிச்சல் புகார்களால் 2014-ல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற மாடலையே அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. ஆகவே இது உங்கள் தோலின் குறை மட்டும் அல்ல.

சிவப்பு முழுக்க மறையும்வரை அந்தக் கையில் கட்டாதீர்கள். மறுகையில் கட்டினால் ஆப்பில் எந்தக் கை என்பதையும் மாற்றிவிடுங்கள். கொப்புளம், நீர்க்கசிவு, அல்லது பட்டை படாத இடத்துக்கும் பரவும் தடிப்பு தெரிந்தால் தோல் டாக்டரிடம் போகும்போது கழற்றிய பட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.