மனைவிக்குப் போகும்போது கர்ப்பம் 27 வாரம், திரும்பும்போது 28: லண்டனிலிருந்து லிஸ்பன் பயணத்துக்கு டாக்டர் கடிதம் வேண்டுமா?

வேண்டும், திரும்பி வரும் விமானத்துக்கு. ரயன்ஏர் போன்ற நிறுவனங்கள் 28 வாரம் ஆனதும், விமானத்தில் போகலாம் என்று டாக்டரோ மிட்வைஃபோ எழுதிய கடிதம் கேட்கும். லண்டனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

"எங்களிடம் யாரும் கேட்கவில்லை" என்று சொன்ன உங்கள் நண்பர்கள் அநேகமாக 28-க்கு முன்பே ஊர் திரும்பியிருப்பார்கள்.

ஸ்கேனில் கொடுத்த பிரசவத் தேதியை எடுத்து 84 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அன்றுதான் 28 வாரம். திரும்பும் தேதி அதற்கு முன்னால் விழுந்தால் கவலையே இல்லை.

இரட்டைக் குழந்தை என்றாலோ, ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் இருந்தாலோ கணக்கே வேறு. டாக்டர் சொல்வதுதான் முடிவு.

லிஸ்பன் நல்ல தேர்வு, ஆனால் அங்குள்ள பழைய பகுதியான அல்ஃபாமா முழுக்க ஏற்றம். நடைபாதையின் வெள்ளைக் கற்கள் தேய்ந்து வழவழவென்று இருக்கும், தூறல் விழுந்தால் கால் சறுக்கும். பிடிமானமுள்ள ரப்பர் அடிச் செருப்பு கட்டாயம். சமதளமான பைஷா பகுதியில் தங்குங்கள். 28-ஆம் எண் டிராமில் நெரிசல் அதிகம், காலையில் சீக்கிரமே ஏறிவிடுங்கள். போர்ச்சுகலில் கர்ப்பிணிகளுக்கு வரிசையில் முன்னுரிமை தரச் சட்டமே இருக்கிறது. "கிராவிடா" (கர்ப்பிணி) என்று சொன்னால் போதும், உங்கள் மனைவி கூச்சப்படாமல் முன்னே போகட்டும்.